மருந்தில்லாத ஊசி

ஆவணி, வெள்ளிக்கிழமை இரவு

வலை இழுத்தே தோள் பிடித்துக்கொண்டு, என் வீட்டுக்காரர் ஒரு மாதமாகக் கடலுக்குப் போகவில்லை. இன்று அறந்தாங்கிக்கு பிசியோதெரபி பார்க்கக் கூட்டிப்போனேன். ஊசி என்றதும் இவர் இடுப்பில் கைலியைத் தளர்த்திக்கொண்டு திரும்பி நின்றுவிட்டார். அங்கிருந்த டாக்டர் பெண் சிரிக்கவே இல்லை.

"சட்டையக் கழட்டுனாப் போதும்ண்ணே. வலை எப்புடி இழுப்பீங்க, செஞ்சு காட்டுங்க."

வலி தோளில் என்றார் இவர். அவள் விரலோ முதுகில் இறங்கி ஓரிடத்தில் நின்றது. முடி மாதிரி ஒரு ஊசியை எடுத்தாள்.

"மருந்து எங்கம்மா?"

"மருந்தே கெடையாதுண்ணே. இறுகிக் கெடக்குற சதைய ஊசி எளக்கிவிடும்."

குத்தியதும் சதை வெடுக்கென்று துள்ளியது.

"ஏம்மா, தூண்டில்ல மீன் கொத்தி இழுத்த மாதிரி இருக்கே!"

என்ன விரல் அந்தப் பெண்ணுக்கு! கண்ணுக்குத் தெரியாததை அப்படியே தொட்டுவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கையைத் தூக்கிக் கொடியிலிருந்து துண்டை எடுத்தார்.

"அடுத்த வாரம் கடலுக்குப் போறேன்."

இந்த ஒரு மாதமாக, நடுக்கடலில் இலங்கை நேவிக்காரர்கள் படகைப் பிடித்துவிட்டார்கள் என்று யார் சொன்னாலும், இவர் வீட்டில்தானே இருக்கிறார் என்று என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்தக் கையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.