இணைப்பின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு

இன்று காலை நம் குசினியில் புதுக் குழாய் பூட்டியவரை, போகுமுன் நிறுத்தி, சிவப்புப் பென்சிலைக் கொடுத்தேன். "இணைப்பு முடியிற இடத்தில குழாயைச் சுத்தி ஒரு கோடு கீறிவிடுங்கோ, தம்பி." அவர் சிரித்தார். நீங்களும் சிரித்திருப்பீர்கள். பிள்ளைகளின் கொப்பி திருத்தும் பென்சிலை என் மேசையிலிருந்து முதலில் எடுத்துப் போனவர் நீங்கள்தானே.

நமக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருடம். நம் ஊர் கட்டைபறிச்சானுக்குப் பிளாஸ்டிக் குழாய் வந்த புதிது. நான் படிப்பித்த பாடசாலையின் வேலியோரம் நீளக் குழியாகக் கான் வெட்டி, உங்கள் மேற்பார்வையில் குழாய்களைப் பூட்டினார்கள். பசை இல்லை, உள்ளே ரப்பர் வளையம், மேலே திருகி இறுக்கும் மூடி. மண் மூடுமுன் இரு முனைகளையும் அடைத்து, தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றிப் பார்ப்பீர்கள்.

"கசியாம இருந்தாக் காணாது. கழராமலும் இருக்கோணும்," என்பீர்கள். பிள்ளைகளுக்கு இதை நான் சோடாப் போத்தலை வைத்து விளக்கினேன்: தக்கை கசியவிடாது, குலுக்கினால் பறந்துவிடும். அதற்காகத்தான் மூடியை ஒட்டிக் குழாயில் கோடு கீறுவீர்கள். கோடு விலகினால், குழாய் நழுவுகிறது.

பாடசாலையடிக் குழாயைச் சோதிப்பதற்கு முந்தின கிழமை வேறோர் ஊரில் அப்படிக் கழன்ற குழாய் ஒருவரின் தாடையை உடைத்திருந்தது. நீங்கள் அதைச் சொன்னது முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. சோதனையன்று பாடசாலை விட்டதும் வந்து கானின் கரையில் நின்றேன். நீங்கள் உள்ளே, இணைப்பருகே குந்தியிருந்தீர்கள்.

"கொப்பி திருத்துற மாதிரிப் பாக்கிறீர், டீச்சர். பிழை ஒண்டும் வராது."

"மேல நிண்டு பாக்க ஏலாதோ?"

"மேல நிண்டா ஈரம் தெரியாது."

அழுத்தம் காட்டும் முள் ஏறியது. நீங்கள் குனிந்து அடிப்பக்கத்தில் ஈரம் தேடினீர்கள். நான் கோட்டையே பார்த்தேன். அதற்கும் மூடிக்கும் நடுவே நகத்தின் விளிம்பளவு இடைவெளி தெரிந்தது. வகுப்பில் வரும் குரல் எனக்கு வந்தது.

"கோடு விலகுது. இப்பவே ஏறி வாங்கோ."

என் கையைப் பிடித்து ஏறினீர்கள். இரண்டாவது காலைக் கரையில் வைக்குமுன் குழாய் கழன்று, நீங்கள் குந்தியிருந்த மண்ணைக் கிழித்தது. இருவர் முகத்திலும் சேறு. அதைத் துடைக்காமலே சொன்னீர்கள்: "நாளைக்குத் திரும்ப இறுக்கிப் பாக்கோணும்."

குழாய் கழன்றதைவிட அந்தச் சொல்தான் என்னைப் பயமுறுத்தியது. மறுநாளும் இறங்கினீர்கள். அதன் பிறகு எத்தனையோ கான்களில். ஒவ்வொரு தடவையும் உங்கள் சைக்கிள் மணி வீட்டுப் படலையில் கேட்கும்வரை நான் உட்கார்ந்ததில்லை.

கடைசியில் உங்களைக் கொண்டுபோனது காய்ச்சல். கட்டிலருகே விழித்திருந்தும், எதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

வந்தவர் தண்ணீரைத் திறந்துவிட்டுப் போய்விட்டார். கதிரையை இழுத்துப் போட்டுக் குழாயின் முன் இருக்கிறேன். கோடு அசையவில்லை. உலை வைக்க நேரமாகிறது. முதுகைத் திருப்பத்தான் இன்னும் துணிவு வரவில்லை.