தூர்த்த ஓடை

விஸ்வநத்தம்,
ஐப்பசி 28.

அன்புள்ள மாமாவுக்கு,

மாரிசெல்வி எழுதுவது. நானும் பாப்பா ஐஸ்வர்யாவும் இருக்கிறோம். மதுரை ஜெயிலில் உங்களுக்குப் போர்த்திக்கொள்ள ஏதாவது கொடுத்தார்களா? சாப்பிடாமல் கிடக்கிறீர்கள் என்று வக்கீல் சங்கரபாண்டியன் சொன்னார். பெற்ற அம்மா எப்படிச் செத்தார் என்று அவரிடம் கேட்டீர்களாம். அதை நானே சொல்கிறேன்.

பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் ஓடைக்குக் குறுக்கே போட்ட கரையை நீங்கள் வெட்டிவிட்டீர்கள். உங்களைப் போலீஸ் கூட்டிப் போன மறுவாரமே இடிபாட்டைக் கொட்டி, கரட்டு மலையடியிலிருந்து பாலம் வரை ஓடையையே தூர்த்து லாரி ரோடு போட்டுவிட்டார்கள். நீங்களும் கருப்பணன் அண்ணனும் இரண்டு கோடையாகச் சீமைக்கருவேலம் வெட்டி, பட்டாசு மருந்துக் கழிவுச் சாக்குகளை அள்ளி வெளியே போட்ட இடம் அது. யாரும் தடுக்கவில்லை. தடுத்தவர் ஜெயிலில் இருக்கும்போது எவர் போவார்?

தீபாவளி முடிந்து பெய்த மழையில் கரட்டுத் தண்ணீர் மொத்தமும் இறங்கியது. கண்மாய்க்குப் போக வழியில்லாமல் நம் தெருவுக்குள் திரும்பிவிட்டது. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். அத்தை மண்வெட்டியோடு லாரி ரோட்டுப் பக்கம் நடந்தார். "எங்க போறீக அத்தை?" என்று கத்தினேன்.

"எம்மவன் வெட்டுன இடம் எனக்குத் தெரியும்டி. அங்கன ஒரு வாய் தொறந்துவிட்டா தண்ணி போயிரும். நீ பிள்ளையப் பாரு" என்றார்.

வெட்டிவிட்டார். கருப்பணன் அண்ணன் ஓடிப் போவதற்குள் மண் பிய்த்துக்கொண்டது. தண்ணீரோடு அத்தையும் போய்விட்டார். தெருவில் வேறு ஒரு உயிரும் போகவில்லை. கண்மாயில்தான் கிடைத்தார். உங்களுக்கு அனுமதி வரும் என்று பொழுதடையும் வரை காத்திருந்தோம். வரவில்லை. மகன் செய்ய வேண்டியதைக் கருப்பணன் அண்ணன் செய்தார்.

கண்மாய் நிறைந்து கிடக்கிறது. ஊரே போய்ப் பார்க்கிறது. என்னால் அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை.

ஓடை விஷயத்தில் இனித் தலையிட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால், ஜாமீனுக்குக் கம்பெனி குறுக்கே நிற்காதாம். நீங்கள் மறுத்துவிட்டீர்கள் என்று வக்கீல் சொன்னார். அத்தை வெட்டிய இடத்தில் நேற்றிலிருந்து மறுபடி லாரி மண் கொட்டுகிறது. இதை உங்களிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. தெரிந்தேதான் கேட்கிறேன். எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள் மாமா. மழை இருட்டினாலே பாப்பா என் சேலையை விடுவதில்லை. எனக்குப் பிடித்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்?

பத்திரகாளி அம்மன் உங்களை வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்,
மாரிசெல்வி.