நின்று கேட்காத பதில்

அலுமாரியின் மேல்தட்டில் போர்வை தேடியபோது உன் ஸ்கேன் படம் கைக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் தந்த அதே பழுப்பு உறை. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். டொக்டர் பேனாவால் தொட்டுக் காட்டிய கறுப்பு இடைவெளிகள் அப்படியே இருக்கின்றன. உன் வயதுக்கு மூளை இவ்வளவு சுருங்கியிருக்கக் கூடாது என்றார். மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்ற பெயரை அதற்குள் நான் பிழையில்லாமல் சொல்லப் பழகியிருந்தேன். கால் தள்ளாடுவதுதான் அந்த நோய் என்று நினைத்திருந்தோம். அது யோசனையையும் அரிக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது.

கண்டி டவுன் புடவைக் கடையில் நீ நின்ற நாட்களை நினைத்துக்கொள்கிறேன். புசல்லாவையிலிருந்து கல்யாணப் புடவை எடுக்க வந்த கூட்டத்துக்குத் தமிழில், பக்கத்தில் நின்ற பெண்ணுக்குச் சிங்களத்தில், நடுவே உன்னைக் கூட்டிப்போக வந்து வாசலில் தவிக்கும் எனக்கு ஒரு குத்தல். "அவசரக்குடுக்கை, பஸ் எங்கயும் ஓடிடாது, இருங்க." பதிலை நாக்கில் வைத்துக்கொண்டு கேள்விக்காகக் காத்திருந்தவள் நீ. ஒருநாள் விரித்த புடவையைப் பிடித்தபடி, என்ன நிறம் கேட்டார்கள் என்று தெரியாமல் நின்றாய். மறுமாதம் வேலையை விட்டாய்.

இது என்ன மாதம் என்று டொக்டர் உன்னைக் கேட்டார். நீ வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். அவர் என்னைக் கையமர்த்தினார். பதில் உள்ளே இருக்கிறது, வர நேரமாகும், நின்று கேளுங்கள் என்றார். திரும்பும்போது, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருக்கையில், "ஒக்டோபர்" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ சிரிக்கவில்லை.

நின்று கேட்டேனா? ஒரு வாரம் கேட்டேன். பிறகு பால் டீயா பிளேன்டீயா என்று கேட்டுவிட்டு நானே முடிவுசெய்து ஊற்றினேன். வந்தவர்கள் உன்னிடம் சுகம் விசாரித்தால் நானே சொன்னேன். நீ பேச்சைக் குறைத்துக்கொண்டாய். எல்லாம் நோயின் வேலை என்று ஊருக்குச் சொன்னேன். பாதி நோய், மீதி நான்.

அந்தத் திங்கட்கிழமை காலை உன் முகம் சுருங்கியிருந்தது. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, வயிறு வலிக்கிறதா என்று கேட்டேன். நீ என்னையே பார்த்தாய். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். படியில் இறங்கும்போது பின்னாலிருந்து உன் குரல் வந்தது.

"வலிக்குதுங்க."

தெளிவாகக் கேட்டது. மடவளை பஸ் சந்தியில் ஹோர்ன் அடித்தது. சாயந்தரம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓடினேன்.

பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு இரண்டு மணிக்கு வீடு வந்த நம் மகள், உன் உடம்பு கொதிக்கிறது என்று எனக்குப் போன் எடுத்தாள். சிறுநீரில் பிடித்த கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டதாம். காலையிலேயே கொண்டுவந்திருந்தால் என்று தொடங்கிய தாதி என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். நான்காம் நாள் நீ போய்விட்டாய்.

காலையில் நீ ஏதும் சொன்னாயா என்று மகள் கேட்டாள். "அம்மா ஒன்னும் சொல்லலம்மா" என்றேன். இன்றுவரை அதை நம்புகிறாள். உன்னிடம் மட்டும்தான் எழுதுகிறேன்: நீ சொன்னது எனக்குக் கேட்டது.

இப்போதெல்லாம் யாரிடம் என்ன கேட்டாலும் பதில் வரும்வரை நகர்வதில்லை. எனக்குக் காது மந்தம் என்று வேலையிடத்தில் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும்.

அன்று ஓடிப்போய் ஏறிய பஸ், ஆள் சேர்ப்பதற்காகச் சந்தியிலேயே பத்து நிமிடம் நின்றது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து பார்த்தால் நம் வீட்டு வாசல் தெரியும்.