தாதா என்று எழுதிவிட்டேன்

பெஹாலா, கொல்கத்தா
ஆகஸ்ட் 9

சிரஞ்சீவி ரஞ்சனுக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. அப்பாவின் முழங்கால் வலியையும் வாசலில் மூன்று நாளாக நிற்கும் மழைத் தண்ணீரையும் விட்டுவிட்டால் இங்கே இருவரும் சௌக்கியம், மெல்போர்ன் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் விடும்மா என்று முடித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

ஃபேஸ்புக்கில் ஒரு மாடித்தோட்டக் குழுவில் இருக்கிறேன் என்று உனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன், நீ ஊம் கொட்டினாயே தவிரக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அதில் கும்பகோணம் விஸ்வநாதன் சார் என்று ஒருவர், ரிடையரான ஹெட்மாஸ்டர். நேரில் பார்த்ததில்லை. கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்று என்பார், எங்கள் ஊர் ஈரத்துக்கு மோர் ஊற்றினால் பூசணம்தான் வரும் என்பேன், உங்கள் ஊரில் செடியும் மீன் கேட்குமோ என்பார். ஒன்றரை வருஷமாக தினமும் இந்தச் சண்டைதான். அப்பா டிவி முன்னால் உட்கார்ந்தால் பேச்சில்லை, அக்கம்பக்கம் எல்லாம் வங்காளிகள், நான் வாய்நிறையத் தமிழில் வம்படித்தது அந்த மனுஷரோடு மட்டும்தான்.

போன மாதம் ஒருநாள் பேச்சு முற்றிவிட்டது. முப்பது வருஷம் செடி வளர்த்தவனுக்கு நீங்கள் பாடம் எடுக்க வேண்டாம் என்று சூடாக எழுதினார். சமாதானமாகப் போகட்டும் என்று, தாதா கொஞ்சம் கோபத்தைக் குறைங்கோ என்று இங்கிலீஷ் எழுத்தில் தட்டிவிட்டேன். இந்த ஊரில் ஆட்டோக்காரர், பாங்க் மானேஜர், கியூவில் இடித்துக்கொண்டு முன்னால் போகிறவர் எல்லோரும் நமக்குத் தாதாதானே, சண்டை போடுவதானாலும் தாதா என்று மரியாதையாகத்தானே ஆரம்பிப்போம். முப்பத்தாறு வருஷப் பழக்கம், கை தானாக எழுதிவிட்டது. அங்கே தாதா என்றால் ரவுடி என்று தெரியாதவள் இல்லை நான், அந்த நிமிஷம் தோன்றவில்லை. ஆயிரம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவனை ரவுடி என்கிறீர்களா அம்மா என்று ஒரே வரி எழுதினார். நான் விளக்கம் எழுதி முடிப்பதற்குள் முன்பின் தெரியாத நூறு பேர் வந்து விழுந்தார்கள். கிழத்துக்குத் திமிர் என்றான் ஒருவன், வங்காளத்துக்கே ஓடிப்போ என்றாள் ஒருத்தி, அங்கேதானே இருக்கிறேன் என்று யாரிடம் சொல்ல. குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள், சாரும் பிளாக் செய்துவிட்டார். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா. அவரை நான் வையவில்லை என்று அவருக்குத் தெரிவிக்க எனக்கு வழியே இல்லை.

இது இதோடு போயிருந்தால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன். போன ஞாயிறு ஜாதவ்பூர் அமலா சித்தியின் பெண் ஹம்சினி வந்தாள், ஒரு வேடிக்கை பார் பெரியம்மா என்று போனைக் காட்டினாள். என் வரியைப் படம் பிடித்து, பெயரை அழித்து, கையில் அரிவாளும் கறிவேப்பிலைச் செடியுமாக ஒரு தடியனை வரைந்து, ஆன்ட்டியின் தாதா என்று போட்டிருந்தார்கள். அதன் கீழே உன் பெயர், உன் போட்டோ. யார் வீட்டு ஆன்ட்டியோ, போனைப் பிடுங்குங்கப்பா என்று எழுதி மூன்று சிரிப்பு பொம்மை வைத்திருக்கிறாய். ஹம்சினிக்கு நான் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை, காபி போடுகிறேன் என்று உள்ளே போய் அழுதேன்.

அம்மா என்று தெரிந்திருந்தால் நீ சிரித்திருக்க மாட்டாய், எனக்குத் தெரியும். ஆனால் யாரோ ஒருத்தி என்றால் சிரிக்கலாம் என்று உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது? அங்கே சிரித்தவர்களுக்கு அந்த வார்த்தை தெரியாது. பெஹாலாவில் பிறந்து, பேச வந்த நாள் முதல் தெருவில் எல்லோரையும் தாதா என்று கூப்பிட்டு வளர்ந்தவன் நீ. அந்தக் கூட்டத்தில் எனக்காகப் பேச முடிந்த ஒரே ஆள் நீதான், நீயும் அவர்களோடு சேர்ந்துகொண்டாய் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

வேளைக்குச் சாப்பிடு, வெளியில் வாங்கித் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. தீர்க்காயுசாக, நல்ல புத்தியோடு இரு. ஒன்று மட்டும் மறக்காதே, விஸ்வநாதன் சாருக்கு நீ ஒரு வரி எழுது, கொல்கத்தாவில் தாதா என்றால் அண்ணா என்று. எழுதினது உன் அம்மா என்று சொல்ல வேண்டாம், உனக்கு வெட்கமாக இருக்கும்.

இப்படிக்கு,
அம்மா
அனந்தலக்ஷ்மி