அதிகாரிக்குக் கட்டிய அறை

அன்புள்ள அப்பாவுக்கு, ஜோதிகா வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா?

எங்கள் பனிக்காட்டுச் சுரங்கத்துக்கு மின்சாரம் தர, ஒரு சின்ன அணு உலை லாரியில் வந்து இறங்கிவிட்டது. ஆலையில் முதல் உலையைச் சோதித்திருந்தால் போதும், அதே மாதிரியில் செய்த மற்றவற்றைப் பார்க்க அரசின் பாதுகாப்பு அதிகாரி வரவேண்டியதில்லை என்று விதியை மாற்றிவிட்டார்கள். அவருக்குக் கட்டிய அறையில் இப்போது நான்தான் இருக்கிறேன். நல்ல கதகதப்பு. பேசத்தான் ஆளில்லை.

நெசவாளர் சங்கத்தில் ஒரே டிசைனில் இருபது சேலை வந்தாலும் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்துத்தானே முத்திரை வைப்பீர்கள்? அதே பழக்கத்தில் உலையைச் சுற்றி டார்ச் அடித்தேன். ஒரு வெல்டிங்கில் முடி போல ஒரு கோடு. மேலாளரிடம் சொன்னேன். "முதல் உலையில் அப்படி எதுவும் இல்லையே" என்று சிரித்தார். "மொத சேல நல்லாருந்தா மத்ததும் நல்லாருக்கும்னு எவன்மா சொன்னான்?" என்று நீங்கள் கத்துவது காதில் கேட்டது. வெறும் கீறலாகத்தான் இருக்கும், கவலைப்படாதீர்கள்.

பருப்புப் பொடி அனுப்புங்கள். கூடவே நீங்கள் ஜரிகை பார்க்கும் லென்ஸையும் வையுங்கள். உலையைச் சோதித்தாகிவிட்டது என்ற சான்றிதழில் அதிகாரி கையெழுத்துப் போடும் இடத்தில், மின்பிரிவில் இருக்கும் என் பெயரை அச்சடித்திருக்கிறார்கள்.

தபால் வண்டி கிளம்புகிறது. லென்ஸ் வந்து சேர இருபது நாளாகும். கையெழுத்தை நாளைக் காலையில் கேட்கிறார்கள்.

உங்கள் மகள்,
ஜோதிகா