கதவில் இடித்துக்கொண்ட கதை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் நலம். 'நலம்' என்று எழுதிய பிறகு, அந்தச் சொல்லை எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று சற்று யோசித்தேன். இருப்பதாகத்தான் படுகிறது.

என் நோயைக் கேள்விப்பட்டு, பாலம் கட்டும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்துவிடப்போவதாகப் போன வாரம் தொலைபேசியில் சொன்னாய். நான் வழக்கம்போல "நல்லா இருக்கேன்மா, இரு, அம்மாகிட்ட தரேன்" என்று தப்பித்துக்கொண்டேன். நேரில் பேச வராதவன் எழுதியாவது பார்க்க வேண்டும் அல்லவா? இதைக் கடைசிவரை படித்துவிட்டு முடிவு செய்.

முதலில் நோயைப் பற்றி. கண்புரை அறுவைக்கு முன்னால் வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையில்தான் அது தெரியவந்தது. பிளேட்லெட் என்கிறார்களே, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள், அவை ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் எனக்குப் பன்னிரண்டாயிரம்தான் இருந்தன. பரிசோதனைக்கூடத்தில் தவறு நேர்ந்திருக்கலாம் என்று மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். தவறு என் உடம்பில்தான் இருந்தது. கண் மருத்துவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ரத்தநோய் மருத்துவரிடம் அனுப்பினார்.

அந்த மருத்துவர் ஓர் இளம்பெண், உன் வயதுதான் இருக்கும். பொறுமையாக விளக்கினாள். "தாத்தா, உங்க உடம்புல காவல்காரங்க இருக்காங்க இல்லையா, அவங்களுக்கு ஆள் அடையாளம் தெரியல. வீட்டு ஆளையே திருடன்னு புடிச்சு அடிக்கிறாங்க" என்றாள். தட்டணுக்கள் உற்பத்தியாகத்தான் செய்கின்றன. உள்ளே இருப்பவர்களே அவற்றை அழித்துவிடுகிறார்கள். இது புற்றுநோய் அல்ல, யாருக்கும் தொற்றாது, நான் செய்த எதனாலும் வந்ததல்ல. கடைசியாகச் சொன்னதை மட்டும் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

இனி உனக்குத் தெரியாத கதை. இதை அம்மா சொல்லியிருக்க மாட்டாள்.

பரிசோதனைக்குச் சில மாதங்களுக்கு முன்பே என் கைகளில் நீலமும் கருப்புமாகத் தடங்கள் வந்துகொண்டிருந்தன. எங்கே இடித்துக்கொண்டேன் என்று நினைவில்லை. உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே. அளவுநாடாவை எடுத்துத் தரையிலிருந்து தடம் எவ்வளவு உயரம், கதவுக் கைப்பிடி எவ்வளவு உயரம் என்று அளந்து பார்த்தேன். ஏறக்குறைய பொருந்தியது. குற்றவாளி கதவு என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். அடுத்த தடத்துக்கு அலமாரி. அதற்கடுத்ததற்குப் படிக்கட்டின் கைப்பிடி.

எதிர்வீட்டுத் தையல்காரம்மா என் கையைப் பார்த்துவிட்டு ஒருநாள் தணிந்த குரலில், "அண்ணா, கூடப் பொறந்தவளா நெனச்சுச் சொல்லுங்க. வீட்ல எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டாள். "கதவுல இடிச்சுக்கிட்டேம்மா" என்றேன். மறுவாரம் கேட்டாள்; அலமாரி என்றேன். பிறகு படிக்கட்டு. அவள் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு இரக்கம். நல்ல பெண் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

உன் அம்மாவின் குரலை யோசித்துப் பார். நீச்சல் குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பயிற்சி கொடுத்த குரல். அவள் "குதி!" என்றால் வேடிக்கை பார்க்க வந்தவரும் குதித்துவிடுவார். அந்தக் குரலில் "எத்தன தடவ சொல்றது உங்களுக்கு!" என்று தினமும் எங்கள் வீட்டிலிருந்து கேட்கிறது. என் கையிலோ தடங்கள். மிச்சத்தைக் குடியிருப்பே சேர்த்துவைத்துப் பார்த்துக்கொண்டது.

நோய் தெரிந்த பிறகாவது நான் சொல்லியிருக்கலாம். எனக்குக் கூச்சம். பார்ப்பவர்களெல்லாம் விசாரிப்பார்கள், ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள் என்று பயந்து, குடியிருப்பில் யாரிடமும் சொல்லாதே என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். சரி என்றாள்.

அதன்பின் வீட்டில் ஒரு மாற்றம். உன் அம்மா என்னைத் திட்டுவதை நிறுத்திவிட்டாள். "சாப்பிடுறீங்களா?" என்று மெல்லிய குரலில் கேட்பாள். கண்ணாடியைக் குளியலறையில் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடினேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை; எடுத்து வந்து கையில் கொடுத்தாள். அப்போதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. மருத்துவர் என்னிடம் மறைத்த எதையோ இவளிடம் சொல்லியிருக்கிறார், என் நாள் நெருங்கிவிட்டது என்று முடிவு செய்தேன். நோய்க்குக் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கி, தூக்கமும் இல்லாமல், அந்த நினைப்போடு கிடந்தேன். எனக்குத் தட்டணுக்கள் குறைந்ததைவிட அந்த வீட்டில் சத்தம் குறைந்ததுதான் தாங்கவில்லை.

விஷயத்தை உடைத்தவர் மருந்துக்கடைக்காரர். என் மாத்திரைகளை எடுத்துக் கொடுப்பவர் ஆயிற்றே, அவருக்கு நோய் தெரியும். "சார், அம்மா உங்கள அடிக்கிறாங்கன்னு உங்க பில்டிங்ல பேசிக்கிறாங்களே, தெரியுமா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டேன். படியில் தையல்காரம்மா உன் அம்மாவை நிறுத்தி, "வயசான மனுஷன், கொஞ்சம் பொறுத்துப் போகக்கூடாதாக்கா?" என்று கேட்டிருக்கிறாள். உன் அம்மா பதிலே சொல்லாமல் கீழே இறங்கிப் போயிருக்கிறாள்; அன்றிலிருந்துதான் வீட்டில் அந்த மெல்லிய குரல். ஏன் சொல்லவில்லை என்றேன். "சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள்.

எவ்வளவு பெரிய வாய் உன் அம்மாவுக்கு. எனக்காக அதை மூடிவைத்திருந்தாள்.

மறுநாள் குடியிருப்போர் கூட்டம். லிஃப்ட் பழுதைப் பற்றியது. கடைசியில், வேறு ஏதாவது உண்டா என்று செயலாளர் கேட்டபோது எழுந்து நின்றேன். வானிலை அலுவலகத்தில் வேலை செய்த காலமெல்லாம் 'மழை பெய்யக்கூடும்' என்றே எழுதியவன் நான். எந்தச் சபையிலும் எழுந்து எதையும் அடித்துச் சொன்னதில்லை. "லிஃப்ட் பத்தியா சார்?" என்றார். "இல்ல, என் ரத்தத்தப் பத்தி" என்றேன். நாற்காலிகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. சட்டைக் கையை மடித்துக் காட்டினேன். காவல்காரர், திருடன் என்று ஏதோ முனகினேன்.

பின்வரிசையிலிருந்து வந்தது அந்தக் குரல்: "என்னங்க, சத்தமாப் பேசுங்க! எனக்கே கேக்கல. நெஞ்ச நிமித்தி நில்லுங்க!"

பழக்க தோஷத்தில் நான் நிமிர்ந்தேன். கூடவே செயலாளரும் நிமிர்ந்தார். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். இவள் என்னை அடிக்கவில்லை, என் உடம்புதான் என்னை அடிக்கிறது என்றும் சொன்னேன்.

தையல்காரம்மா அழுதுகொண்டே வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். அம்மா, "விடும்மா. இவரப் பாத்தா எனக்கே ரெண்டு போடணும்னு தோணும். நீ நெனச்சதுல தப்பே இல்ல" என்றாள். இப்போது அந்தப் பெண் எனக்குப் பஞ்சு வைத்த கையுறை மாதிரி ஒன்று, முழங்கைவரை வருவது, தைத்துக் கொடுத்திருக்கிறாள். அதைப் போட்டுக்கொண்டு கதவைத் தாண்டும்போது கொஞ்சம் கம்பீரமாகவே இருக்கிறது.

உடம்பு விஷயம் இதுதான். ஸ்டீராய்டைக் குறைத்தபோது எண்ணிக்கை மறுபடியும் விழுந்தது. வேறு மாத்திரை மாற்றினார்கள். போன முறை எழுபதாயிரம். நோய் முழுதாகப் போய்விடும் என்று மருத்துவர் சொல்லவில்லை. இதோடு நன்றாகவே வாழலாம் என்கிறார். மென்மையான பல்துலக்கி, பிளேடுக்குப் பதில் மின்சவரக்கருவி, கேட்காமல் வலிமாத்திரை போடக்கூடாது, ஒழுங்காகப் பரிசோதனைக்குப் போக வேண்டும். கண்புரைக்கும் தேதி கொடுத்துவிட்டார்கள். பயணம் போகலாமா என்று கேட்டேன். இதே நிலை நீடித்தால் தாராளமாகப் போகலாம் என்றார்.

ஆகவே மகளே, நீ வர வேண்டாம். பாலத்தைக் கட்டி முடி. அதைத் திறக்கும்போது நாங்கள் வரக்கூடும் என்று எழுதியிருந்தேன். தோளுக்குப் பின்னால் நின்று படித்த உன் அம்மா, "அது என்ன, வானிலை அறிக்கையா? ஒழுங்கா எழுதுங்க" என்று தலையில் ஒரு தட்டுத் தட்டப் போனவள், நினைவு வந்து கையை என் தோளில் வைத்துக்கொண்டாள். இன்னும் எடுக்கவில்லை.

வருவோம். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை நடந்து வருவோம். பாலத்துக் கைப்பிடியின் முனைகளை மட்டும் கொஞ்சம் மழுக்கி வைக்கச் சொல், மகளே.

நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அப்பா