யாருடைய கோபத்தாலும் இல்லை, அண்ணே

என் ஆசை அண்ணனுக்கு,

நீ கண்ணை மூடி ஒரு வருஷமும் மூன்று மாதமும் ஆகிறது. இத்தனை நாளும் உனக்கு எழுதவில்லை. எழுதினால் எந்த விலாசத்துக்குப் போடுவாய் என்று நீயே கேட்டுச் சிரிப்பாய். ஆனால் இன்றைக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. அதை முதலில் கேட்க வேண்டிய ஆள் நீதான்.

நம் மல்லிகாவின் மகன் பிழைத்துவிட்டான்.

பதறாதே, முழுவதும் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை நம் கதை தெரியாத மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்த சிலதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே.

நம் தங்கச்சி மல்லிகா இருக்கும் வெலிமடைப் பக்கத்தில் போன மாதம் சரியான குளிர். அவளுடைய கவினுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். மூன்றாம் நாள் காலையில் எனக்கு போன் வந்தது. "அக்கா, புள்ளைக்கு ஒண்ணுக்கு சாயத்தண்ணி மாதிரி கறுப்பா போகுதுக்கா. கண்ணு ரெண்டும் மஞ்சளா இருக்கு. எனக்குப் பயமா இருக்கு."

இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் இதே சொற்களை நான் உன்னிடம் சொன்னேன். ஞாபகம் இருக்கிறதா? என் தினேஷுக்கு அப்போது மூன்று வயதும் நாலு மாதமும். அதே காய்ச்சல், அதே மஞ்சள், அதே கறுப்பு. மழையில் மண் சரிந்து எங்கள் தேயிலைத் தோட்டத்து ரோடு அடைபட்டிருந்தது. நீ ஃபெக்டரியில் மோட்டார் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்து, அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் குறுக்குப் பாதையில் இறங்கினாய். நான் பின்னாலேயே வழுக்கி வழுக்கி வந்தேன். ஹாலிஎல ரோட்டைத் தொடுவதற்கு முன்னாலேயே நீ நின்றுவிட்டாய். திரும்பி என்னைப் பார்க்காமல் அப்படியே நின்றாயே, அண்ணே, அதில்தான் எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் வாழ்க்கையை மாற்றியது. தினேஷ் குறைமாதத்தில் பிறந்தவன். அவன் பிழைத்தால் மூன்று வயதுக்குள் கதிர்காமம் கூட்டிப்போய் மொட்டை போடுகிறேன் என்று மனதுக்குள் நேர்ந்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை, அவன் அப்பாவிடம்கூட. ஒரு வருஷம் மழை, ஒரு வருஷம் எனக்கு லீவு கிடைக்கவில்லை. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அவன் போய் ஐந்தாம் மாதம் தோட்டத்து அம்மன் கோயில் திருவிழா. பெரியண்ணன் என்ற நம் சாமியாடிக்கு அருள் வந்தது. கூட்டத்தின் நடுவில் என் முன்னால் வந்து நின்று ஆடினார். "நேர்ந்ததை மறந்தவ நிக்கிறாடா இங்க! அவ மடியில கிடந்ததை நான்தாண்டா எடுத்துக்கிட்டேன்!" என்றார்.

யாருக்கும் தெரியாத ஒன்றை அம்மன் சொல்லிவிட்டாள். இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? அதுவரை நானும் எல்லாரையும் போல நம்பினேன். நம்புகிறவளுக்குச் சந்தேகப்பட ஒரு சின்ன இடமாவது இருக்கும். அன்றைக்கு எனக்கு அந்த இடமும் போய்விட்டது. சாமி இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். என் பிள்ளை செத்தது என்னால்தான் என்றும் தெரிந்துகொண்டேன்.

அன்றைக்கு இரவே அந்த நேர்த்தியை உன்னிடம் சொல்லி அழுதேன். அதன் பிறகு நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியும். இன்னொரு பிள்ளை வேண்டாம் என்றேன். தினேஷின் அப்பா இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கொழும்புக்கு வேலைக்குப் போனார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்தவர் பிறகு வராமலே விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வருஷா வருஷம் தீ மிதித்தேன். ஊரார் பிள்ளை ஒன்றைக்கூடத் தூக்கவில்லை. என் கை பட்டால் அம்மனின் கண் அந்தப் பிள்ளை மேலும் விழுந்துவிடும் என்று பயம். கவின் பிறந்தபோது மல்லிகா அவனை நீட்டினாள். நான் துணி காயப்போட வேண்டும் என்று வெளியே போய்விட்டேன். இந்த ஐந்து வருஷத்தில் ஒருநாளும் அவனைத் தூக்கவில்லை.

நீ எத்தனை தரம் சொல்லியிருப்பாய்! "இந்தத் தோட்டத்துல நேர்ந்துக்காத தாய் யாரு இருக்கா? நேர்ந்ததை எல்லாம் செஞ்சு முடிச்சவதான் யாரு? அந்த ஆளு எவ முன்னால நின்னு சொல்லியிருந்தாலும் பொருந்தியிருக்கும் புள்ள" என்பாய். சாமியே இல்லை என்பவன் நீ. ஆனால் ஒவ்வொரு திருவிழாவுக்கும் கோயிலுக்கு லைட் போடுவதும் ஸ்பீக்கர் கட்டுவதும் நீதான். உன் பேச்சை நான் எப்படிக் கேட்பேன்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் வாசலில் உட்கார்ந்து ஒரு ஃபேனைப் பிரித்துப் போட்டுக்கொண்டே கேட்டாய்.

"சரசு, நாளைக்கே ஒருத்தன் வந்து சாமி இல்லைன்னு சந்தேகமில்லாம காட்டிட்டான்னு வையி. நீ என்னா செய்வ? சந்தோசப்படுவியா?"

"அப்ப என் புள்ள எங்க இருக்கான்?" என்று கேட்டேன்.

நீ ஃபேனின் இறக்கையைத் துடைக்கத் தொடங்கினாய். சாமி இருந்தால் என் பிள்ளையை நான் கொன்றேன். சாமி இல்லாவிட்டால் என் பிள்ளை எங்குமே இல்லை. இந்த இரண்டில் எதை யார் நிரூபித்துக் காட்டினாலும் எனக்கு என்ன மிஞ்சும்?

நான் திருப்பிக் கேட்டேன். "இருக்குன்னு காட்டிட்டா நீ என்னா செய்வ?"

"மூணு வயசுப் புள்ளகிட்டயா உன் கோவத்தைக் காட்டுனன்னு அதுகிட்ட நேரா கேப்பேன்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் என்னா, ஃபெக்டரிக்கு வேலைக்குப் போவேன்" என்றாய். உன் பெண்சாதி உள்ளேயிருந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது கவினிடம் வருகிறேன். மல்லிகாவின் போன் வந்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை, "பூசாரிகிட்ட போகாத. நேரா பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வா" என்பதுதான். என் வாயில் எப்படி அது வந்தது? நீ சொல்லியிருக்க வேண்டியதை நான் சொன்னேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அவர்கள் வந்து இறங்கும்போது நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். பிள்ளை துவண்டு கிடந்தான், உதடு வெளுத்திருந்தது. உடனே வார்ட்டில் போட்டு இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். பிறகு இரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் ஒரு டாக்டரம்மா எங்களிடம் வந்து உட்கார்ந்தார். சின்ன வயதுதான், பசறைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை என்று பிறகு தெரிந்துகொண்டோம்.

"உங்க குடும்பத்துல வேற ஆம்பளப் புள்ளைங்க யாருக்காவது இப்படி வந்திருக்கா?" என்று கேட்டார்.

மல்லிகா என்னைப் பார்த்தாள். நான் தினேஷைப் பற்றிச் சொன்னேன். இருபத்தொரு வருஷத்தில் அந்த நாளை முழுவதுமாக வேறொருவரிடம் சொன்னது அதுதான் முதல் தரம். அவர் அவசரப்படுத்தாமல் கேட்டார்.

"இது இரத்தத்துல உள்ள ஒரு குறைம்மா. பொறக்கும்போதே இருக்கும். சாதாரணமா ஒண்ணும் தெரியாது. ஒரு காய்ச்சல் வந்தா, இல்ல ஒத்துக்காத மருந்து எதையாவது குடுத்தா, இரத்தம் உடைஞ்சு போயிரும். அதுதான் அப்படிக் கறுப்பா போறது. உங்க மகனை அப்ப சோதிக்கல. அதனால நிச்சயமா சொல்ல ஏலாது. ஆனா நீங்க சொல்றதைக் கேட்டா, அநேகமா இதேதான்."

"எங்க இருந்து வருது இது?"

"தாய்வழியா வரும்."

"அப்ப நான்தானே குடுத்திருக்கேன்?" என்று கேட்டேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மூக்கு, முடி, நிறம் எல்லாம் வர்ற மாதிரித்தாம்மா இதுவும். உங்களுக்கு உங்க அம்மா குடுத்தாங்க, அவங்களுக்கு அவங்க அம்மா. யாரும் தெரிஞ்சு குடுக்கல. நீங்க செஞ்ச எதாலயும் இது வரல. செய்யாம விட்ட எதாலயும் வரல."

செய்யாமல் விட்ட எதனாலும் வரவில்லை. என் நேர்த்தியைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அண்ணே. இருந்தும் அவர் வாயில் அது வந்தது. முன்பு என்றால் அதையும் ஒரு அருள்வாக்கு என்று எடுத்துக்கொண்டிருப்பேன். இப்போது அப்படி எடுக்கவில்லை. அந்த டாக்டர் பிள்ளை எத்தனை தாய்மாரைப் பார்த்திருக்குமோ! எல்லாத் தாயும் மனதுக்குள் இதைத்தான் கேட்பாள் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. நீ அன்றைக்குச் சொன்னது எனக்கு அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்துதான் விளங்கியது. சாமியாடி சொன்னதும் என் ஒருத்திக்கு மட்டும் பொருந்தக்கூடிய பேச்சு இல்லை.

நாலாம் நாள் காலையில் கவின் கழிவறையிலிருந்து வார்டே கேட்கும்படி கத்தினான். "அம்மா! பெரியம்மா! ஒண்ணுக்கு வெள்ளையா போகுது!" பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஓடிவந்து என் மேல் விழுந்தான். தூக்கிக்கொண்டேன். நல்ல கனம். இறக்கிவிட மனமில்லாமல் அவன் நெளியும் வரை வைத்திருந்தேன். மல்லிகா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். உன் பெண்சாதி கேட்டு முடித்துவிட்டு அழுதார். பிறகு நீ இத்தனை காலம் மூடி வைத்திருந்த ஒன்றைச் சொன்னார். சாமியாடி எனக்கு வாக்கு சொன்ன அந்தத் திருவிழா முடிந்த மறுவாரம் நீ தனியாகக் கதிர்காமம் போயிருக்கிறாய். தினேஷின் பேரைச் சொல்லி நீயே மொட்டை அடித்துக்கொண்டு வந்திருக்கிறாய். எங்களிடம் பேன் தொல்லை என்று சொன்னாயாம். எனக்கு அது ஞாபகம்கூட இல்லை. அந்த நாட்களில் யார் தலையை நான் பார்த்தேன்?

"சாமி இல்லங்கிற ஆளு எதுக்குப் போனீங்கன்னு கேட்டேன்" என்றார் அண்ணி. "ஒருவேளை இருந்துட்டா, என் தங்கச்சி மேல அதுக்குக் கோவம் இருக்கக் கூடாதுல்லன்னாரு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா, அப்ப நான் செஞ்சது குத்தம்தான்னு நீ இன்னும் உறுதியா நம்பிருவியாம். சொல்லவே கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

அண்ணே, நீ எப்படியான ஆள்! இல்லாத ஒன்றிடம் எனக்காக மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து, அதை என்னிடமே மறைத்துவிட்டு, வருஷக் கணக்காக என்னோடு சண்டை போட்டிருக்கிறாய். அந்த வெயிலில், உன்னை அறிந்தவர் யாரும் இல்லாத கூட்டத்தில், என்ன சொல்லிக் கும்பிட்டாய்? கும்பிட்டாயா?

போன வெள்ளிக்கிழமை சாமியாடி பெரியண்ணனைத் தண்ணீர்க் குழாயடியில் பார்த்தேன். வயதாகி ஒடுங்கிவிட்டார். "அண்ணே, ஒரு திருவிழாவுல எனக்கு ஒரு வாக்கு சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். அவர் நெற்றியைச் சுருக்கிப் பார்த்தார். "அருள் வந்தா எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. என்னா சொன்னேன்? நல்லதா?" என்றார். நான் இத்தனை வருஷம் சுமந்ததை அவர் அன்றைக்கு மாலையே மறந்திருக்கிறார். கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அவருடைய வாளியை வீட்டு வாசல் வரை தூக்கிக் கொடுத்தேன்.

உடனே நீ கேட்பாய், "அப்ப ஒத்துக்கிறியா, சாமி இல்லன்னு?" இல்லை, அண்ணே. ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டரம்மா சாமி இல்லை என்று காட்டவில்லை. என் பிள்ளை யாருடைய கோபத்தாலும் சாகவில்லை என்றுதான் காட்டினார். நான் பயந்து கும்பிட்ட அந்த அம்மன் போய்விட்டாள். வேறொருத்தி இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது இவ்வளவு லேசாக இருக்கும் என்று யார் கண்டது? கோயிலுக்குப் போனேன். எதையும் கேட்கவில்லை, எதையும் நேரவில்லை. சும்மா நின்றுவிட்டு வந்தேன். தினேஷ் எங்கே என்ற கேள்வி இன்னும் இருக்கிறது. ஆனால் இப்போது அவனை நினைத்தால் அவன் சிரிப்பு முதலில் வருகிறது. முன்பெல்லாம் அந்தக் குறுக்குப் பாதைதான் வரும்.

தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவுக்கு, அதுதான் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் இடத்துக்கு, ஒரு ஆள் தேவை என்றார்கள். பேர் கொடுத்துவிட்டேன். அண்ணியைத் தவிர யாரும் நம்பவில்லை.

ஒரு விஷயத்தை உன்னிடம் சொல்லிவிட்டு முடிக்கிறேன். கீழ் லயத்து வரிசை வீட்டில் ரேவதி என்று ஒரு பிள்ளை. இரண்டு மாதத்துக்கு முன்னால் அவளுடைய குழந்தை பிறந்த மூன்றாம் நாளே போய்விட்டது. கர்ப்பமாக இருக்கும்போது தீட்டோடு கோயில் வாசலைத் தாண்டினாள் என்று பேசிக்கொள்கிறார்கள். அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடக்கிறாள். நாளைக்குக் காலையில் அவள் வீட்டுக்குப் போகப் போகிறேன். கதவு திறக்கும் வரை படியிலேயே உட்கார்ந்திருப்பேன். சாமி இருக்கு என்றோ இல்லை என்றோ அவளிடம் வாதாட மாட்டேன். உன் மேல் யாருக்கும் கோபம் இல்லை என்று மட்டும் சொல்வேன். அவள் நம்பாவிட்டால் மறுநாளும் போவேன், அதற்கு மறுநாளும் போவேன். என்னிடம் நீ சலிக்காமல் சொன்னாயே, அதைப் போல நானும் சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. இதை மழை வந்தாலும் தள்ளிப்போட மாட்டேன்.

உன் தோளுக்குப் பின்னாலேயே நடந்து வந்த தங்கச்சி,
சரசு